வேறு மருந்து எதுவும் இல்லை

கருப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் பெண்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற வலி மருந்தை நான்தான் கலக்குகிறேன். ஐம்பது மில்லி பிடிக்கிற ஊசிக்குழாய் ஒன்று. அதில் மார்ஃபின், அதனுடன் கொஞ்சம் நால்புபின், மீதிக்கு உப்புநீர். குழாயை ஒரு சின்ன பம்பில் பொருத்தி, பம்பைக் கட்டிலோரக் கம்பத்தில் மாட்டி, அதன் பொத்தானை நோயாளியின் கையில் கொடுத்துவிடுவோம். வலித்தால் அவளே அழுத்திக்கொள்ளலாம். ஒருமுறை அழுத்தினால் ஒரு மில்லி போகும். அடுத்த எட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு சொட்டும் போகாது. எத்தனை முறை அழுத்தினாள் என்பதை மட்டும் பம்ப் எண்ணி வைத்துக்கொள்ளும்.

இரண்டு மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு விளக்குவேன். கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குப் போகிற ஒரு கோப்பு. மேசை மேசையாகத் தாண்டித்தான் அது மேலே போக வேண்டும். அந்த மேசைகளுக்குப் பின்னால் நாற்காலிகள் இருக்கின்றன. மார்ஃபின் வந்து அதில் உட்கார்ந்தால், வருகிற கோப்பையெல்லாம் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு ஒன்றையும் மேலே அனுப்பாது. கோப்பை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தே உலகத்தில் நல்ல பெயர் வாங்கிய அதிகாரி மார்ஃபின் ஒன்றுதான். ஆனால் உட்கார்ந்த இடத்தில் அது சும்மா இருக்காது. அரிப்பைக் கிளப்பும், குமட்டலைக் கிளப்பும், அளவு மீறினால் மூச்சையே மந்தமாக்கிவிடும்.

நால்புபின் வேறு குணம். அதே நாற்காலிக்கு அதுவும் வரும். உட்கார்ந்திருக்கிற மார்ஃபினை முட்டித் தள்ளிவிட்டு உட்காரும். உட்கார்ந்தபின் பெரிதாக வேலை ஒன்றும் பார்க்காது. வைக்கோற்போரில் படுத்த நாய் மாதிரி, தானும் தின்னாது, மாட்டையும் விடாது. ஆனால் பக்கத்து வரிசையில் வேறு மாதிரி நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தால் நால்புபின் நன்றாக உழைக்கும், அதிலும் அடிவயிற்று வலியில். ஆகவே மார்ஃபினோடு இதைக் கொஞ்சமாகச் சேர்த்தால் அதன் சேட்டைகள் அடங்கும், வலியும் அடங்கும். எங்கள் மயக்க மருத்துவரிடம் மூன்று மாதம் கெஞ்சி இதைக் கொண்டுவந்தது நான். வாந்தி எடுக்கும் பெண்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. வார்டில் அதற்கு ‘ரெட்டைக் கலவை’ என்று பெயரே வந்துவிட்டது.

என் அக்காவுக்கும் அதைத்தான் கலந்தேன்.

அக்கா ரெடிமேட் உடுப்புகளை அளவு திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஒரு சலவைக்கடையின் பின்பக்கம் அவள் மெஷின். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்றாலும் நான் எதை விளக்கினாலும் உட்கார்ந்து கேட்பாள். “வாத்தியாரம்மா ஆரம்பிச்சுட்டா” என்று அத்தானிடம் கண்ணைக் காட்டிவிட்டு, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு கடைசிவரை கேட்பாள். ஒருமுறை சொன்னால் மறக்கமாட்டாள்.

அம்மாவின் கடைசி வருடம் அக்கா வீட்டில்தான் கழிந்தது. அம்மாவுக்கு முதுகெலும்பில் புற்று. பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்கிற மார்ஃபின் மாத்திரையை மாதாமாதம் நானே எண்ணி, புட்டியில் போட்டு, லேபிள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படியும் அம்மா கத்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். மருந்து போதவில்லை என்று நினைத்து, மருத்துவரிடம் சொல்லி இரண்டுமுறை வீரியத்தைக் கூட்டச் சொன்னேன். அதற்கும் கேட்கவில்லை. சில உடம்புக்கு இது பிடிக்காது என்று அக்காவுக்கு அதையும் விளக்கினேன்.

அம்மா போய் இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு அடிவயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அவள் சாவைப் பற்றிப் பேசவில்லை. எதை எடுப்பார்கள், எவ்வளவு வெட்டுவார்கள் என்றும் கேட்கவில்லை. அறுவைக்குச் சம்மதிக்கவே ஒரு வாரம் பிடித்தது. கடைசியில் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்.

“வெட்டட்டும், எடுக்கட்டும். வலி மட்டும் வேணாம்டி. அம்மா மாதிரி என்னைக் கத்த வச்சிடாதே.”

“உனக்கு வலிக்காது. அது என் பொறுப்பு” என்றேன். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் மயக்க மருத்துவரின் அறைக்குப் போனோம். நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அக்கா கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். அக்கா சாப்பிடுகிற மருந்து எதுவானாலும் அது என் கவுண்டரைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அவளைக் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? தற்போது உட்கொள்ளும் மருந்துகள் என்ற கட்டத்தில், இரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை, மலச்சிக்கலுக்கு ஒரு பொடி என்று எழுதினேன். அந்தப் பொடியைச் சில மாதமாக அடிக்கடி கேட்டு வாங்குகிறாளே, உட்கார்ந்தே தைக்கிறவளுக்கு இது வரத்தானே செய்யும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. கீழே ‘வேறு மருந்து எதுவும் இல்லை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எல்லாம் உனக்குத்தான் தெரியுமே” என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மயக்க மருத்துவர் இந்தக் கேள்விகளை நோயாளியிடம் வாய்விட்டு மறுபடி கேட்பது வழக்கம். அன்று அவர் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்து, மருந்தாளுநரே எழுதிக் கொடுத்தபின் தான் கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் மூன்று மணிநேரம் வரிசையில் நிற்காமல் அந்த அறையைவிட்டு வெளியே வந்தது கிடையாது. நாங்கள் ஏழு நிமிடத்தில் வந்துவிட்டோம். அத்தான் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அத்தான் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். அறுவையன்று காலை ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார முடியாமல், குடிநீர் குளிரூட்டியின் பின்னால் குனிந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரஸர் இன்னும் ஒரு மாதம் தாங்காது என்று என்னிடம் சொன்னார். மூன்று மணிநேர அறுவை என்று எழுதியிருந்தார்கள். ஒன்றரை மணிநேரத்தில் அறுவை மருத்துவர் வெளியே வந்தார். இந்த வேலையில் இருக்கிற எனக்கு, சீக்கிரம் வருவது நல்ல செய்தி ஆகாது என்று தெரியும். அத்தானுக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்து எழுந்து நின்றார்.

அந்தம்மா மெதுவாக, தன் தொழில் சொற்களிலேயே பேசினார். கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தாயிற்று, கொழுப்புத் திரையிலும் கல்லீரலின் மேல்பரப்பிலும் விதைத்தது மாதிரி இருக்கிறது, எடுக்கக்கூடியதை எடுத்து மூடிவிட்டோம், அடுத்து என்ன என்பதைப் பிறகு பேசலாம் என்றார். எடுத்தாயிற்று என்ற சொல் மட்டும் அத்தானுக்குப் புரிந்தது. தலையாட்டினார். அறுவை மருத்துவர் என்னைத் தனியாக நகர்த்தி, இவ்வளவு வைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படி ஒரு வலியும் சொல்லாமல் இருந்தாள் என்று கேட்டார். ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார். எனக்கும் அது விளங்கவில்லை.

பின்னாலேயே மயக்க மருத்துவர் வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, “உங்க அக்கா பார்க்கத்தான் ஒல்லி. யானைக்குப் போடுற அளவு மருந்து கேட்டாங்க” என்று வேடிக்கையாகச் சொல்லிப் போனார். நான் ‘விதைத்தது மாதிரி’ என்ற வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பம்பை நானே மாட்டினேன். பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். அறுவை அரங்கில் கொடுத்த மருந்து இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் அரைத்தூக்கத்தில் ஒருமுறை அழுத்தினாள். பம்ப் சிணுங்கியது. பத்து நிமிடம் கழித்து இன்னொருமுறை. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று கீழே என் கவுண்டருக்குப் போனேன்.

ஒன்றரைக்கு வார்டு சிஸ்டர் ஆள் அனுப்பினார். இருபத்தைந்து வருடமாக நிமிடம் தவறாமல் நோயாளிகளைச் சுற்றி வருவதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். அவர் யாரையும் சும்மா கூப்பிடமாட்டார். நான் போனபோது அக்கா முழங்காலை மடக்க முயன்று, தையல் இழுத்து, நீட்டி, மறுபடி மடக்கிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் எத்தனைம்மா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“பதினொண்ணு” என்றாள் அக்கா.

பம்பைப் பார்த்தேன். இருபத்தெட்டு முறை அழுத்தியிருந்தாள், ஏழுமுறை மருந்து போயிருந்தது. இந்த அளவில் எங்கள் வார்டில் மற்ற பெண்கள் கண்சொக்கிப் போய், பக்கத்துக் கட்டில்காரியிடம் மருமகள் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த முதல் விளக்கத்தை நான் எடுத்தேன்: மருந்து போதவில்லை. மயக்க மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். ஒரு அழுத்தத்துக்கு ஒரு மில்லி போவதை இரண்டாக்கினோம். “இப்போ அழுத்துக்கா, நல்லா அழுத்து” என்றேன். அவள் என் சொல் கேட்டு அழுத்தினாள். எட்டு நிமிடம் கழித்து அழுத்தினாள். அதற்குள்ளும் அழுத்தினாள்.

இரண்டரைக்கு அவள் கத்தத் தொடங்கினாள். அம்மாவின் குரலே அது. அத்தான் ஓடிவந்து கதவோரம் நின்று, மெஷின் கோளாறா, மெஷினை மாத்திப் பாரேன் என்று என்னிடம் கெஞ்சினார். அவரை வெளியே உட்காரச் சொன்னேன். இரத்தம் கசிகிறதா என்று பார்த்தார்கள், இல்லை. வயிறு கல்லாகிறதா என்று பார்த்தார்கள், இல்லை. உடம்பு நடுங்கியது. மயக்கம் தெளிகிறபோது சிலருக்கு இப்படிக் குளிர் வரும் என்று சிஸ்டர் கம்பளி போர்த்தினார். அக்கா அதை உதைத்துத் தள்ளினாள்.

அப்போதுதான் அவள் கொட்டாவி விட்டாள்.

வலியில் கத்துகிறவள் கொட்டாவி விடமாட்டாள். இரண்டு கத்தலுக்கு நடுவே வாய் பிளந்து, தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி. பிறகு இன்னொன்று. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் நீர் வடிந்தது, அழுகிற முகம் இல்லாமலே. கையைத் தொட்டேன். தோல் முழுவதும் மயிர்க்கூச்செறிந்து முள்முள்ளாக நின்றது. வயிறு வேறு கலக்கி, சிஸ்டர் இரண்டுமுறை விரிப்பு மாற்றியிருந்தார். வெட்டின வயிறு முதல் நாளில் இப்படி ஓடாது. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உதைக்கிற கால். இந்த ஐந்தையும் நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரே ஆளிடம் சேர்ந்து பார்த்ததில்லை. வெகுநாள் மார்ஃபின் எடுத்துப் பழகிய உடம்பிலிருந்து அதை ஒரேயடியாகப் பிடுங்கினால் வருவது இது.

பம்பை நிறுத்தினேன். சிஸ்டரைத் திரையை இழுக்கச் சொல்லிவிட்டு அவள் காதருகே குனிந்தேன்.

“அக்கா, ஏதாவது மாத்திரை சாப்பிட்டியா? இன்னிக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளா?”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாவோடது.”

“அம்மாவோட என்ன?”

“தலையணைக்குள்ள இருந்துச்சு.”

துண்டுதுண்டாகச் சொன்னாள். இடையில் கத்தினாள், பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். அம்மா போன மறுவாரம் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு தையல் இருந்திருக்கிறது. ஊசி பிடிக்கத் தெரியாத கை போட்ட தையல். பிரித்துப் பார்த்தால் பஞ்சுக்குள் ஒரு துணிப்பை, பை நிறைய மாத்திரை. நான் எண்ணிக் கொடுத்தவை. அக்கா கையில் கொடுத்ததை அம்மா தண்ணீர் குடித்து விழுங்குவதுபோல விழுங்கிக் காட்டிவிட்டு, விரலிடுக்கில் வைத்திருந்து ஒளித்திருக்கிறாள். மூன்றில் ஒன்றுகூட அவள் வயிற்றுக்குள் போகவில்லை. மயங்கிக் கிடந்து போகமாட்டேன், தெரிந்துதான் போவேன் என்று அம்மா எப்போதோ ஒருமுறை சொன்னது அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியிருக்கிறது.

மிச்ச மாத்திரை இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், சாட்சி வைத்து அழிக்க வேண்டும், அது சட்டம் என்று நான் அந்த வாரமே அவளைக் கேட்டேன். ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னாள். நானும் பதிவேட்டில் அப்படியே எழுதினேன்.

“ஏன்கா சொல்லல?”

“நீ அவ்வளவு பாடுபட்டு கொண்டாந்து கொடுத்தே. அவ சாப்பிடவே இல்ல, சும்மாவே கத்திக் கத்திச் செத்தான்னு தெரிஞ்சா தாங்குவியா?”

ஏழு மாதம் முன்னால் அவளுக்கே அடிவயிறு வலிக்கத் தொடங்கியது. பரணில் பை இருந்தது. புட்டியில் என் கையால் எழுதிய லேபிள் இருந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, உடைத்தால் பன்னிரண்டு மணிநேர மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும், கூடவே மலச்சிக்கலுக்குப் பொடி எடுக்க வேண்டும். அம்மாவுக்காக நான் நடத்திய பாடம் அத்தனையும் அவள் மறக்கவில்லை. வலி முழுக்க அடங்கியிருக்கிறது. இடுப்பு பெருத்தபோது தன் உடுப்பின் பக்கத் தையலை இரண்டுமுறை பிரித்து விட்டுக்கொண்டாள். வயசு என்று நினைத்திருக்கிறாள். பையில் மாத்திரை குறைந்து அடி தெரிந்தபிறகுதான் என்னிடம் வந்து, கொஞ்ச நாளா வயிறு ஒரு மாதிரி இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். கடைசி இரண்டையும் அன்று காலை அறுவைக்கு வருமுன் ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு வந்திருந்தாள்.

“அன்னிக்குப் படிவம் எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமே.”

“நீ எங்க கேட்டே?” என்றாள். “நீயே எழுதிட்டியே.”

மயக்க மருத்துவர் வந்து நின்று கேட்டார். நான் மாத்திரையையும் ஏழு மாதத்தையும் சொன்னேன், தலையணையைச் சொல்லவில்லை. அவர் படிவத்தை வரவழைத்துப் பார்த்தார். என் அடிக்கோடும் அவர் கையெழுத்தும் ஒரே பக்கத்தில் இருந்தன. படிவத்தை மூடிக் கட்டில்மேல் வைத்தார்.

நடந்தது இதுதான். ஏழு மாதமாக அவள் உடம்பில் எல்லா நாற்காலியிலும் மார்ஃபின் உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்தே இருந்தால் உடம்பு அதற்குப் பழகி, அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காத நிலைக்கு வந்துவிடும். அந்த இடத்துக்கு நான் நால்புபினை அனுப்பினேன். மற்ற பெண்களிடம் அது மார்ஃபினின் சேட்டையை மட்டும் அடக்கும். இவளிடம் காலையில் விழுங்கியதையும், குழாயில் கூடவே வந்ததையும் சேர்த்து நாற்காலியைவிட்டுத் தள்ளிவிட்டது. ஏழு மாதம் தேங்கிய கோப்புகள், அன்று வெட்டிய வயிற்றின் கோப்பு, எல்லாம் ஒன்றாக மேலே போயின. வலி தாங்காமல் அவள் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தத்திலும் தள்ளுகிறவன்தான் இன்னும் வந்தான். நான் அதை இரட்டிப்பாக்கி, நல்லா அழுத்து என்றும் சொன்னேன். நிறுத்தியபோது பம்ப் அறுபத்து மூன்று அழுத்தம் காட்டியது.

உள்ளே போன நால்புபினைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஈரல் அதைப் பாதியாக்கவே ஐந்து மணிநேரம் ஆகும். அதற்குள் வெறும் மார்ஃபினை எவ்வளவு கொட்டினாலும் இடம் கிடைக்காமல் நிற்கும். கொட்டிவிட்டு, பிறகு நால்புபின் எழுந்து போகும்போது அத்தனையும் ஒரேயடியாக உட்கார்ந்தால் மூச்சு நின்றுவிடும். மருத்துவர் வயிற்றுச் சுவரில் இருபக்கமும் மரத்துப்போக ஊசி போட்டார். வெட்டுக்காயத்தின் வலி ஓரளவு அடங்கியது. நடுக்கத்துக்கு ஒன்று கொடுத்தார். மார்ஃபினைத் துளித்துளியாகக் கொடுத்து, சிஸ்டரைத் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சை எண்ணச் சொன்னார். உள்வயிற்று வலிக்கும், உடம்பு மார்ஃபினைக் கேட்டு முறுக்குவதற்கும் அந்தச் சில மணிநேரத்தில் எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. அவள் கத்தினாள். குரல் போனபிறகு வாயை மட்டும் திறந்து கத்தினாள். நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வார்டில் மற்ற ஐந்து பெண்களும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். அவர்களுடைய பம்புகள் ஒழுங்காக வேலை செய்தன.

மாலை ஆறரைக்கு முதலில் கொட்டாவி நின்றது. பிறகு தோலில் நின்ற முள் அடங்கியது. ஏழு மணிக்கு அவள் தண்ணீர் கேட்டாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். பேசுகிற அளவுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா என்பது. நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இல்லை என்றேன். எங்கெங்கே இருக்கிறது என்று சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஏழு மாசம் முன்னாடி வலிக்குதுன்னு சொல்லியிருந்தா?”

“தெரியல.”

“தெரியும் உனக்கு.”

நான் பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்தேன். அவளும் அந்தப் பேச்சை மேலே இழுக்கவில்லை. இனிமேல் வலிக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். கட்டி வளர வளர வலி கூடும், உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதால் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படும், ஆனால் மார்ஃபினில் ஒரு நல்ல குணம், சிறுகச்சிறுகக் கூட்டிப் போனால் அதற்கு மேல்வரம்பு என்று ஒன்று கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்று விளக்கினேன்.

“மருந்துக்கு வரம்பு இல்லையா?”

“இல்லக்கா.”

“அப்போ வலிக்கும் இல்ல.”

நான் கம்பளியை இழுத்து அவள் காலை மூடினேன். பிறகு அவளே, அவர் காலையிலேர்ந்து நின்னுட்டே இருப்பார், போய்க் கூட்டிட்டு வா என்றாள். மருந்து ஒத்துக்கலைன்னு மட்டும் சொல்லு, தலையணை சமாச்சாரம் அவருக்கு வேண்டாம், அவர் படுக்கிற தலைமாட்டில்தான் அந்தப் பரண் என்றாள்.

அத்தான் நடைவழியில் பெஞ்சில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வலி குறைந்திருக்கிறது என்று சொன்னதும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். ஒரு கலவை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என் தவறு என்றேன். யாருக்குத்தான் தவறு வரலை, கூலிங் கேஸை மாத்திப் போட்டு நான் எத்தனை பெட்டியை எரிச்சிருக்கேன் என்று என்னை அவர் தேற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“காலைல அந்த டாக்டரம்மா சொன்னது எனக்கு பாதி புரியல. எடுத்தாச்சுன்னாங்க. கடைசில வேற என்னமோ சொன்னாங்க. நீ விளக்கமா சொல்லேன்.”

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து விளக்கினேன். வயிற்றுக்குள் தொங்குகிற கொழுப்புத் திரை எங்கே இருக்கிறது, விதை எப்படி அங்கே போய் ஒட்டியது, ஈரல்மேல் இருப்பதை ஏன் சுரண்டி எடுக்க முடியாது, இனி வரப்போகிற மருந்துகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது, மொத்தம் எத்தனை மாதம். அவர் மெக்கானிக். எது எதோடு இணைந்திருக்கிறது என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். பாதிக்கு மேல் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நடைவழியின் தரையைப் பார்த்தார்.

“இவ்வளவு உள்ள இருந்திருக்கு” என்றார் கடைசியில். “ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொல்லலையே அவ. அது எப்படி?”

சிலருக்கு வலி தெரியாது அத்தான், உடம்புவாகு அப்படி என்றேன். அவர் அதையும் கேட்டுக்கொண்டு, புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, உள்ளே போக எழுந்தார்.